நகத்தைச் சோதிக்காமல் லேசரை விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பின் நடுப்பக்கத்தில், நகச்சொத்தைக்கு, அதாவது நகத்தில் பூஞ்சை பிடிக்கிற நோய்க்கு, லேசர் சிகிச்சை என்று முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. பார்க்கக் கட்டுரை மாதிரிதான் இருந்தது, ஆனால் எழுதியவர் பெயர் இல்லை. கடைசி வரியில் ஒரு அழகு நிலையத்தின் வாட்ஸ்அப் எண், அதற்குப் பக்கத்தில் பண்டிகை விலைக்கழிவு என்று கொட்டை எழுத்தில் ஒரு பெட்டி. அப்படியென்றால் அது விளம்பரம். விளம்பரம் போடுவது தப்பில்லை, மலேசியாவில் தமிழ்ப் பத்திரிகைகள் எந்த நிலைமையில் ஓடுகின்றன என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் மேலே சின்னதாக 'விளம்பரம்' என்று ஒரு சொல் போட்டிருக்கலாமே? எங்கள் ஊரில் வயதானவர்கள், தமிழ்ப் பேப்பரில் வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் யாரையும் கேட்பதில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையின் கடைசிக் காலமெல்லாம் இனிப்பு நீர் (நீரிழிவு) நோயாளிகளின் கால் பார்க்கிற அறையில்தான் போனது. பால்மரம் வெட்டினவர்கள், செம்பனையில் (பாமாயில் மரத்தில்) பழம் வெட்டினவர்கள், தொழிற்சாலையில் ரப்பர் பூட்ஸோடு நின்றே வேலை பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேருடைய கால் நகத்தை வெட்டியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் முக்கியமாக மூன்று விஷயம் சொல்லியிருந்தார்கள். லேசர் பூஞ்சையை வேரோடு அழித்துவிடுமாம், மாத்திரையே தேவையில்லையாம், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற சிகிச்சையாம். இந்த மூன்றாவதைத்தான் ஜனங்கள் பெரிதாக நினைக்கிறார்கள், அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

எஃப்.டி.ஏ. 2010-லிருந்து சில நக லேசர் கருவிகளை விற்க அனுமதித்திருப்பது உண்மை. ஆனால் எதற்கு அனுமதித்தது? பூஞ்சை பிடித்த நகத்தில் தெளிவான பகுதி தற்காலிகமாகக் கூடுவதற்கு. அவ்வளவுதான். நோய் குணமாகும் என்று அந்த அனுமதியில் எங்கேயும் இல்லை. மாத்திரை, நகப்பூச்சு மருந்துகளுக்கு எஃப்.டி.ஏ. வைக்கிற அளவுகோல் வேறு. அங்கே பூஞ்சை போனதா, நகம் முழுவதும் தெளிந்ததா என்று இரண்டையும் காட்டச் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் வந்த கட்டுரை 'தற்காலிகமாக' என்ற சொல்லை விழுங்கிவிட்டு 'அங்கீகாரம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது.

அப்புறம் 'வேரோடு அழிக்கும்' என்பது. கடைகளில் பெரும்பாலும் வைத்திருப்பது என்.டி. யாக் என்கிற லேசர், அலைநீளம் 1064 நேனோமீட்டர். அது நகத்துக்குள் ஊடுருவிப் போய்ச் சூட்டை உண்டாக்கும், அந்தச் சூட்டில் பூஞ்சை சாகும் என்பதுதான் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில், நகச்சொத்தைக்கு முக்கியக் காரணமான ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சையைச் சூட்டில் கொல்ல முயன்றபோது, 50 டிகிரியில் கால் மணி நேரம் வைக்க வேண்டியிருந்தது. மனிதனுடைய கால் விரலில் 45 டிகிரியைத் தொடும்போதே வலி தாங்காமல் காலை இழுத்துக்கொள்வோம். அதனால் லேசர் போடுகிறவர் ஒரே இடத்தில் நிற்காமல் கதிரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் உள்ளே நகத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிற பூஞ்சைக்குச் சாகிற அளவு சூடு, சாகிற அளவு நேரம் கிடைக்கிறதா என்று கேள்வி வருமா வராதா?

இது என் சந்தேகம் மட்டும் இல்லை. மருத்துவ ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பு, கால் நகப் பூஞ்சைக்கான பூச்சு மருந்துகளையும் கருவிகளையும் பற்றி 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இதே 1064 லேசரை, ஒன்றும் செய்யாமல் விட்டதோடும் பொய்யாக லேசர் காட்டியதோடும் ஒப்பிட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பூஞ்சை ஒழிவதில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், கிடைத்திருக்கிற ஆதாரமும் தரம் குறைந்தது என்றுதான் அதில் சொல்லியிருக்கிறார்கள். லேசரால் நகம் தேறியவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேறியதாகச் சொல்லும் சின்னச் சின்ன ஆய்வுகளும் உண்டு. கல்லீரல் கோளாறால் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கு ஒரு டாக்டர் யோசித்து, பூச்சு மருந்தோடு சேர்த்து லேசரும் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னால் அது வேறு விஷயம். ஆனால் யார் வந்தாலும் உட்காரவைத்து ஆறு தடவைக்குச் சேர்த்துக் காசு வாங்குவது வைத்தியம் இல்லை.

சிகிச்சைக்கு முன்னே, பின்னே என்று போட்டோக்கள் போட்டிருந்தார்கள், அதையும் பார்த்தேன். இரண்டாவது போட்டோவில் நகம் ராவி, ஓரம் ஒழுங்காக வெட்டி, எண்ணெய் தடவி எடுத்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம் வேறு. தடித்துப் போன நகத்தை அரம் வைத்து மெலிதாக்கினாலே பாதி மஞ்சள் போய்விடும், அதைக் கிளினிக்கில் நாங்கள் லேசர் இல்லாமலே செய்திருக்கிறோம். இன்னொன்று, கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கெட்ட நகம் திரும்ப நல்ல நகமாக மாறாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து வந்து பழையதை முன்னால் தள்ள வேண்டும், நாம் வெட்டி எறிய வேண்டும். முழுதாக மாற ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் பிடிக்கும். எந்த மருந்து போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு மாதத்தில் முழு நகமும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று யாராவது போட்டோ காட்டினால், எந்தக் கடையில் ராவினீர்கள் என்று கேளுங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் பெரியம்மா மகன், அண்ணன், லிந்தாங் பக்கம் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். வயது அறுபதை நெருங்குகிறது, இன்னும் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் தடித்து, பழுப்பேறி, ஓரத்தில் கரையான் அரித்த பலகை மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கிய களிம்பு, வினிகர், வேப்பெண்ணெய் எல்லாம் ஆகிவிட்டது. அப்போதுதான் மருமகள் உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். சின்னவனுடைய கல்யாணம் வேறு வருகிறது, மேடையில் செருப்பில்லாமல் நிற்க வேண்டும், அந்த வெட்கம். போனார்.

அங்கே ஒரு பிள்ளை நகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஃபங்கஸ்தான். ஆறு செஷன் போட்டா புது நகம் வந்துடும்" என்று சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் 1,800 வெள்ளி (ரிங்கிட்). இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி, அதுவும் 2025-லிருந்துதான். முழு மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நகத்துக்கு! பாதிக் காசு கட்டிவிட்டு, முதல் தடவை லேசரும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

எப்படி இருந்தது அண்ணே என்று கேட்டேன். "ஊசி குத்துற மாதிரி சுடுச்சு தங்கச்சி, நான் சுடுதுன்னு சொன்னா அந்தப் பிள்ளை உடனே மெஷினைக் குறைச்சிடுச்சு, நல்ல பிள்ளை" என்றார். குறைக்கக் குறைக்கச் சூடும் குறையும், சூடுதான் மருந்து என்றால் மருந்தும் குறையும், அதை யார் அவரிடம் சொல்வது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்களா என்றேன். அந்தப் பிள்ளை போட்டிருந்ததாம், இவருக்குக் கொடுக்கவில்லையாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாத கதிர், அதனால் கண் கூசாது, இமையும் மூடாது. பளபளப்பான எதிலாவது பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் போனால் விழித்திரை வெந்துவிடும். அறையில் இருக்கிற எல்லாரும் அதற்கென்று உள்ள கண்ணாடியைப் போட வேண்டும் என்பது அரிச்சுவடிப் பாடம்.

அவரைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கக் கிளினிக்குக்கு, அழைத்துப் போனேன். சீட்டுக்கு ஒரே ஒரு வெள்ளி. டாக்டர் ஒரு சீன இளம் பெண், அவள் செய்த முதல் காரியம், பூசிக்கொண்டிருந்த களிம்பை நிறுத்தச் சொன்னது. களிம்பு பூசிய நகத்தில் மாதிரி எடுத்தால் பூஞ்சை இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும், சில வாரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். திரும்பப் போனபோது நகத்தை நன்றாகத் துடைத்து, கெட்டுப்போன நகமும் நல்ல நகமும் சேருகிற எல்லை வரைக்கும் வெட்டிக்கொண்டே போய், அதற்கு அடியில் இருந்த மாவு மாதிரியான தூளைச் சுரண்டி எடுத்தாள். நுனியில் தொங்குகிற துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் பிரயோசனமில்லை, அங்கே இருப்பது செத்த பூஞ்சையாகவோ வெளியிலிருந்து ஒட்டிய அழுக்காகவோ இருக்கும். அந்தத் தூளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், நகம் கரைந்து பூஞ்சையின் இழைகள் இருந்தால் தெரியும். மீதியை வளர்ப்புச் சோதனைக்கு வைப்பார்கள், அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும், ஏனென்றால் இந்தப் பூஞ்சை மெதுவாகத்தான் வளரும். ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் அதோடு விடக்கூடாது, மாதிரி சரியாக விழாமல் போயிருக்கலாம், சந்தேகம் இருந்தால் இரண்டாவது முறையும் எடுப்பார்கள்.

அண்ணனுக்கு இரண்டு முறையும் இல்லை என்றுதான் வந்தது. பூஞ்சையே இல்லை.

பிறகு என்ன? பூட்ஸ். கான்ட்ராக்டர் மொத்தமாக வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸ், அவர் காலுக்கு ஒரு அளவு சின்னது. மேட்டிலும் பள்ளத்திலும் குலையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் இரண்டு கட்டைவிரலும் போய் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, வருடக்கணக்கில். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, கட்டைவிரலில் மட்டும் நகம் தடித்திருந்ததும், விரல் இடுக்கில் பூஞ்சையால் வரும் சேற்றுப்புண் இல்லாததும் டாக்டருக்கு முதலிலேயே சந்தேகத்தைக் கொடுத்திருக்கிறது. அதை என்னிடம் சொன்னாள்.

இது அபூர்வமாக நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சை, மீதி வேறு காரணங்கள் என்பது சரும வைத்தியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சோரியாசிஸ் என்ற சரும நோய் இருந்தால் நகத்தில் சின்னச் சின்னக் குழி விழும், தடிக்கும், தூக்கிக்கொள்ளும். லைக்கன் பிளேனஸ் என்று ஒரு சரும நோய், அதிலும் நகம் கெடும். வயதானாலே நகம் தடிக்கும். அடிபட்ட நகம் இருக்கிறது. கறுப்புக் கோடு விழுந்த நகமும் இருக்கிறது, நம் நிறத்துக்காரர்களுக்கு அது பெரும்பாலும் சாதாரணமானதுதான், ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகிற கோடு என்றால் அது புற்றுநோயா என்று முதலில் பார்த்தாக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளை 'ஃபங்கஸ்' என்று சொல்லி லேசர் போடும். பாதிப் பேருக்கு இல்லாத நோய்க்குக் காசு போகும், ஒரு சிலருக்கு இருக்கிற நோய் தள்ளிப்போகும். நகத்தை வெட்டிச் சோதிக்காமல் லேசருக்குக் காசு கட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனிப்பு நீர்க்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டுரையில் 'நீரிழிவு நோயாளிகளுக்கும் பாதுகாப்பானது' என்று ஒரு வரி இருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் பார்த்தால் 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட இனிப்பு நீரில் கால் மரத்துப் போகும். நான் பார்த்த ஒரு அம்மாவின் செருப்பில் ஓர் இரும்பாணி ஏறி, உள்ளங்காலில் இறங்கி, சாயங்காலம் வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலில் லேசரை வைத்தால் 'சுடுது' என்று யார் சொல்வார்கள்? அந்த மெஷினைக் குறைக்க வேண்டிய நேரத்தை நோயாளியின் வாய்தான் சொல்கிறது. வாய் சொல்லாவிட்டால் வெந்து கொப்புளம் வரும், கொப்புளம் புண்ணாகும், இனிப்பு நீர்ப் புண் எங்கே போய் முடியும் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விரல் போனவர்கள் ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் இருக்கிறார்கள்.

அதே சமயம், இனிப்பு நீர்க்காரர்கள் நகச்சொத்தையை அழகுப் பிரச்சினை என்று விடவும் கூடாது. தடித்த நகம் அடியில் இருக்கிற சதையை அழுத்தும், பக்கத்து விரலைக் கிழிக்கும், விரலிடுக்கில் வெடிப்பு விட்டால் அது வழியாகக் கிருமி ஏறும். கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு தடவையாவது காலைப் பரிசோதிக்கச் சொல்லி நிற்கவைத்துக் கேளுங்கள். மருந்துச் சீட்டோடு ஓடி வந்துவிடாதீர்கள்.

சரி, பூஞ்சைதான் என்று சோதனையில் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? மாத்திரைதான் முதல் வழி. டெர்பினாஃபின் என்ற மாத்திரை, பெரியவர்களுக்கு வழக்கமாக 250 மில்லிகிராம், தினம் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆரம்பிக்கும் முன் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு நாக்கில் ருசி தெரியாமல் போகும். இன்னொரு மருந்து இட்ராகோனசோல், மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடுகிற முறையும் அதில் உண்டு. ஆனால் இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது, தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். நம் பெரியவர்கள் பாதிப் பேர் இரவில் அந்தக் கொழுப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் படுக்கிறார்கள், அதனால் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்றிரண்டு நகத்தின் நுனியில் மட்டும் லேசாக இருந்தால் அமோரோல்ஃபின் என்ற நகப்பூச்சு இருக்கிறது, வாரம் ஒரு முறை ராவிவிட்டுப் பூச வேண்டும், பல மாதம் விடாமல்.

மாத்திரையும் மந்திரம் இல்லை. டெர்பினாஃபின் ஆய்வுகளில் கால் நகத்தில் பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 விழுக்காடு, பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுதாகத் தெளிந்தவர்கள் 38 விழுக்காடு. இது அந்த மருந்தின் சீட்டிலேயே அச்சடித்திருப்பது. இருப்பதிலேயே நல்ல மருந்தின் கதை இது, இதில் ஓர் அழகு நிலையம் நூறு விழுக்காடு என்று எழுதுகிறது, நீங்களும் அச்சடிக்கிறீர்கள். ஒழிந்த பிறகு திரும்ப வருவதும் சகஜம்தான். ஈர பூட்ஸை அப்படியே மறுநாள் மாட்டுவது, வீட்டில் எல்லாரும் ஒரே நகவெட்டியைப் பயன்படுத்துவது, சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விடுவது, இதெல்லாம் இருக்கிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். பூட்ஸ் இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிக் காயவைக்கலாம். தோட்ட நிர்வாகங்கள் கொடுப்பது வருடத்துக்கு ஒன்றுகூட ஒழுங்காக இல்லை என்பது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

சட்டத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மருந்தையோ வைத்தியத்தையோ விளம்பரம் செய்ய மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும், அனுமதி வாங்கிய விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்குகிற ஓர் எண் இருக்கும். உங்கள் நடுப்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், அந்த எண் இல்லை. ஒரு கிளினிக் என்றால் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். நகராண்மைக் கழகம் கொடுக்கிற அழகு நிலைய லைசென்ஸ் வேறு, கிளினிக் பதிவு வேறு. கருவியும் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி பதிவு செய்த கருவியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பழம் வெட்டுகிறவர் தேடிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, விளம்பரத்தை வாங்குகிற உங்கள் ஆபீசில் ஒருவர் போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

அண்ணனுடைய காசு என்ன ஆனது என்றால், இன்னும் வரவில்லை. சோதனை முடிவை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கட்டிய காசைத் திருப்பித் தருவது நிலையத்தின் விதிகளில் இல்லையாம், மீதிக்குப் பதிலாக வேறு சேவை எடுத்துக்கொள்ளலாமாம். என்ன சேவை என்றேன். ஃபேஷியல் என்றார்கள். காலையில் நாலரைக்கு எழுந்து காட்டுக்குப் போகிற மனுசனுக்கு ஃபேஷியல்! அண்ணன் அதற்கும் சிரித்துக்கொண்டு தலையாட்டப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் வேண்டாம். மனுப் படிவம் வாங்கி வைத்திருக்கிறோம், ரசீது பத்திரமாக இருக்கிறது, உங்கள் நடுப்பக்கத்தையும் வெட்டி அதோடு இணைக்கப் போகிறேன். உங்களைச் சங்கடப்படுத்துவதற்காக இல்லை. என்ன வாக்குறுதி கொடுத்துக் காசு வாங்கினார்கள் என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே எழுத்து அதுதான்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வைத்தியம், மருந்து, கருவி சம்பந்தப்பட்ட எந்த விளம்பரமும் கே.கே.எல்.ஐ.யூ. எண் இல்லாமல் வந்தால் வாங்காதீர்கள். காசு வாங்கிப் போடுகிற கட்டுரைக்கு மேலே 'விளம்பரம்' என்று தெளிவாகப் போடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். அத்தோடு, முடிந்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் சரும நோய்ப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரைக் கேட்டு, நகச்சொத்தை பற்றி அதே நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வாங்கிப் போடுங்கள். அதே அளவு இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். மாத்திரைக் கணக்கை வெட்டுங்கள், ஃபேஷியல் கதையை வெட்டுங்கள், பரவாயில்லை. நகத்தை எப்படி வெட்டிச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்ற பத்தியையும் மரத்துப் போன காலைப் பற்றிய பத்தியையும் மட்டும் அப்படியே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.